புயற்காலப் பிரயாணத்திற்குரிய கூரையும் சாமான்களும்

ஐப்பசி மாதம் பிறந்ததும் நமது கீழைக் கடற்கரையில் வசிப்போர் வானத்தையும் வானொலியையும் ஒருங்கே கவனிப்பது வழக்கம். வங்கக் கடலில் எழும் புயல்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலுள்ள மூன்று மாதங்களிலேயே இக்கரையை அடைகின்றன. 1952-ஆம் வருஷம் நவம்பர் மாத இறுதியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியை ரயில் வண்டியோடு அழித்த புயலும், 1977 நவம்பரில் தஞ்சைக் கடலோரத்தைச் சூறையாடிய புயலும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்தை அடுத்துக் கரையேறிய கஜா புயலும் இக்காலத்தில் நேர்ந்தவையே.

முற்காலத்தில் புயல் வருவது தெரியாமலே ஜனங்கள் மாண்டனர். இப்பொழுது வானிலை இலாகாவினர் சில தினங்களுக்கு முன்பே அறிவித்து விடுகின்றனர். தாழ்ந்த இடங்களில் வசிப்போரை அதிகாரிகள் முன்கூட்டியே அப்புறப்படுத்துகின்றனர். ஆகவே உயிர் தப்புவது முன்னைவிடச் சுலபமாயிற்று. ஆனால் தப்பிய உயிரை வழியிலும், திரும்பி வந்து கூரையற்ற வீட்டின் முன் நிற்கும் நாள்களிலும், மழையினின்றும் குளிரினின்றும் காப்பது எவ்வாறு என்பதில் நாம் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை. கஜா புயலுக்குப் பின்பு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. கீற்றும் ஓடும் பறந்தன. பல கிராமங்களில் வெகு நாள் மின்சாரம் இல்லை. அப்பொழுது மிகுதியும் வேண்டப்பட்ட பொருள்களுள் தார்ப்பாய் ஒன்று. ஊரார் அனைவரும் ஒரே நாளில் ஒரே பொருளைத் தேடிக் கடைக்குச் சென்றால், தரமும் பாராமல் விலையும் பேசாமல் கிடைத்ததை வாங்கிவர நேரும். இவ்விஷயத்தைத் தனித்தனிக் குடும்பத்திற்கு விட்டுவிடாமல் கூட்டுறவுச் சங்கமே கையிலெடுத்துக் கொண்டு, கோடைக் காலத்தில் நிதானமாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வைத்தல் நலம். எவற்றை வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பவற்றைக் கீழே விவரிக்கிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எந்தக் கூடாரமும் எந்தப் பாயும் புயல் வீசும் நேரத்தில் மனிதனைக் காப்பாற்றாது. அந்நேரத்திற்குரிய இடம் மேட்டிலுள்ள காரைக் கட்டிடமாகிய பள்ளிக்கூடமோ, கடலோர ஊர்களில் கட்டப்பட்டிருக்கும் பல்நோக்குப் பாதுகாப்பு மையமோதான். துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளில் 8, 9, 10 ஆகிய எண்கள் பெரும் அபாயத்தைக் குறிப்பன. 11-ஆம் எண் செய்திப் போக்குவரத்தே அறுந்துவிட்டதென்பதைக் குறிக்கும். இக்கூண்டுகள் கப்பல்களுக்காக ஏற்பட்டவை. எட்டாம் எண் ஏறட்டும், பிறகு புறப்படலாம் என்று வீட்டில் காத்திருப்பவர் காற்றுக்கு நடுவில் சாலையில் அகப்படுவார். அதிகாரிகள் புறப்படச் சொன்னவுடன் புறப்பட வேண்டும். மேலும், புயலின் கண் ஓர் ஊரின்மேல் கடக்கும்பொழுது காற்று முற்றும் ஓய்ந்து வானம் தெளிந்தாற்போலத் தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து முன்னிலும் வேகமாகக் காற்று அடிக்கும். அந்த ஓய்வை நம்பி வெளியே வந்து மாடு தேடப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. ஆகையால் இக்கட்டுரையிற் கூறப்படும் சாமான்கள் யாவும் புயலுக்கு முந்திய பிரயாணத்திற்கும் பிந்திய வாசத்திற்குமே உரியவை என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இனிக் கூரையைப் பற்றிப் பார்ப்போம். இதற்கென்று பணம் ஒதுக்கும் சங்கத்தாருக்கு முதலில் தோன்றும் எண்ணம் கூடாரம் வாங்குவதே. கடையில் விரித்து வைத்திருக்கும்பொழுது அது பார்வைக்கு அழகாயிருக்கும். கதவுண்டு, ஜன்னலுண்டு, பையில் அடங்கும். ஆயினும் எம் அபிப்பிராயத்தில் கிராமச் சங்கத்துக்கு ஏற்றது தைத்த கூடாரமன்று. கெட்டியான தார்ப்பாயும் கயிறுமே. ஏனெனில் தைத்த கூடாரம் கூடாரமாக மட்டுமே உதவும். அதற்கென்று அளவெடுத்துச் செய்த கம்பிகளுள் ஒன்று முறிந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும். முறிந்த கம்பிக்கு மாற்று நம் சந்தையில் கிடைக்காது. வருஷத்தில் முந்நூற்றறுபது நாளும் அது பையிலேயே கிடப்பதால் அதை அடிக்கவும் ஒருவரும் பழகியிருக்கமாட்டார். இருட்டில் மழையில் முதன்முறையாகப் பிரித்துப் பார்க்கையில்தான் எலி கடித்திருப்பது தெரியவரும்.

தார்ப்பாயோ அவ்வாறன்று. புறப்படும்பொழுது டிராக்டர் பெட்டியிலோ மாட்டு வண்டியிலோ ஏறிய குழந்தைகளின்மேல் மூடாக்காகும். வழியில் இறங்க நேர்ந்தால் இரண்டு மரங்களுக்கிடையே கூரையாகும். முகாமில் தரைவிரிப்பாகும். வீடு திரும்பியபின் பறந்துபோன கூரைக்குப் பதிலாகச் சுவர்மேல் ஏறும். எல்லாம் ஒழிந்த தை மாதத்தில் சம்பா நெல்லைக் காயவைக்கவும் போரை மூடவும் உதவும். இவ்வாறு அன்றாடம் கையாளப்படும் பொருளே ஆபத்துக் காலத்தில் கைக்குப் பழகியதாயும் பழுதற்றதாயும் இருக்கும்.

தார்ப்பாயில் இருவகை உண்டு. பருத்திக் கித்தானால் ஆனது ஒன்று. பாலிதீன் இழையால் நெய்து இருபுறமும் மெழுகினாற்போல் படலம் ஒட்டியது மற்றொன்று. கித்தான் காற்றோட்டமுள்ளது, நிழல் குளிர்ச்சியாயிருக்கும். நனைந்தவுடன் நூல் பருத்துக் கண்களை அடைத்துக்கொள்வதால் நீர் இறங்காது. ஆனால் நனைந்திருக்கையில் உட்புறத்தை விரலால் தொட்டால் அவ்விடத்தில் ஒழுகத் தொடங்கும். எடை மிகுதி; ஈரத்தோடு மடித்தால் சில நாளில் பூசணம் பிடித்து இற்றுவிடும். புயல் மழையில் அதை உலர்த்த வெயிலுக்கு எங்கே போவது? நெய்த பாலிதீன் பாய் இலேசானது, நீரைக் குடிக்காது, மக்காது. அதன் பகைவன் சூரிய வெளிச்சம். நாள்தோறும் வெயிலிற் கிடந்தால் இழை முறுகி நொறுங்கும். கரி கலந்த கறுப்பு இழையால் நெய்தவை வெயிலை அதிகம் தாங்கும். அவசரப் பிரயாணத்திற்கு இவ்வகையே உசிதம்.

அளவைப் பொறுத்தவரையில், உலகெங்கும் நிவாரணச் சங்கங்கள் ஒரு குடும்பத்திற்கென வழங்கும் பாய் 4 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ளது. நம் அடிக்கணக்கில் ஏறக்குறைய 13-க்கு 20. இவ்வளவு யோசித்து வகுக்கப்பட்டதே. இதனிலும் சிறியது ஒரு குடும்பத்திற்குப் போதாது; இதனிலும் பெரியதைக் காற்றில் இருவரால் அடக்க முடியாது. எடையைக் கேட்டு வாங்குவது முக்கியம். சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம் நெய்த பாய் இவ்வளவில் ஏறக்குறைய 4 கிலோ 800 கிராம் இருக்கும். அதே அளவில் பாதி எடையுள்ள மெல்லிய பாய்களும் கடைகளில் குறைந்த விலைக்குத் தொங்குகின்றன. ஒரு பருவத்துக்குள் அவை கிழிந்துவிடுமாதலால் அவற்றை வாங்குவது சிக்கனமாகாது. தராசு இல்லாமல் பாய் வாங்கப் போக வேண்டாமென்பது எம் வேண்டுகோள்.

எடைக்கு அடுத்தபடியாக ஓரத்தைப் பார்க்கவும். பாய் கிழிவது நடுவிலன்று. கயிறு கட்டும் வளையத்தில்தான் கிழியும். ஓரம் இரட்டையாக மடிக்கப்பட்டு, உள்ளே கயிறு ஓடி, மீட்டருக்கு ஒன்றாவது உலோக வளையம் பதித்திருக்க வேண்டும். ஒரு வளையத்தில் கயிறு கோத்து, கடைக்காரர் முன்னிலையிலேயே இருவர் இழுத்துப் பாருங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை, நல்ல சரக்கு வைத்திருப்பவர் தடுக்கமாட்டார். பிறகு பாயை வெயிலுக்கு எதிரே பிடித்து ஊசிக்கண் போன்ற துளைகள் தெரிகின்றனவா என்று நோக்கவும். மேற்படலத்தை நகத்தால் சுரண்டி, உரிகிறதா என்றும் பார்க்கவும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருப்பின் விசேஷம்.

வளையம் பிய்ந்துவிட்டால் பாய் போயிற்றென்று எண்ண வேண்டாம். எலுமிச்சங்காய் அளவுள்ள வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றைப் பாயின் அடியில் வைத்து, அதன் கழுத்தைப் பாயோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால், வளையத்தினும் உறுதியான பிடி கிடைக்கும். துளையிடாமையால் கிழிசலும் ஓடாது. கல்லுக்குப் பதில் ஒரு பிடி மண்ணும் ஆகும்.

பாயைக் கட்டும் விதத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம். ஏனெனில் நல்ல பாயும் தவறாகக் கட்டினால் ஓரிரவு தாங்காது. ஆள் உயரத்தில், அதாவது 1 மீட்டர் 80 சென்டிமீட்டரில், இரண்டு மரங்களுக்கோ நட்ட மூங்கில்களுக்கோ இடையே முகட்டுக் கயிறு கட்டவும். பாயின் 6 மீட்டர் நீளத்தைச் சரிபாதியாக அதன்மேல் போட்டால், இருபுறமும் மும்மூன்று மீட்டர் சரிவு இறங்கும். ஓரங்களைத் தரையோடு முளையடித்தால் உள்ளே ஏறக்குறைய 4 மீட்டர் 80 சென்டிமீட்டருக்கு 4 மீட்டர், அதாவது 19 சதுர மீட்டர் தரை கிடைக்கும். ஆபத்துக் காலத் தங்குமிடத்தில் ஆளொன்றுக்கு 3½ சதுர மீட்டராவது வேண்டுமென்பது நிவாரணத் தொண்டர்கள் உலகெங்கும் அனுசரிக்கும் கணக்கு. ஐந்து பேருக்கு 17½. ஆகவே ஒரு பாய் ஒரு குடும்பத்துக்குச் சரியாக அமைகிறது.

சரிவைக் குறைத்துத் தட்டையாகப் பந்தல்போல் கட்டுவது நம்மவர் செய்யும் பெருந்தவறு. நடுவே குழிந்து ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்கினால் அதன் எடை 100 கிலோ. நள்ளிரவில் உறங்கும் குழந்தையின்மேல் ஒரு மூட்டை நெல் விழுவதைக் காட்டிலும் அது கொடிது. திறந்த வாய்ப்புறத்தைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக வைக்க வேண்டும். வாடை வீசும் நாள்களில் வாய் தென்மேற்கு நோக்கியிருத்தல் நலம். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்திற்குச் சிறு வாய்க்கால் வெட்டி நீரைச் சரிவு நோக்கி விட்டுவிட்டால் தரை நனையாது. மேடான இடமாகவும், சாய்ந்த மரம், அரைகுறையாய் நிற்கும் சுவர், அறுந்த மின்கம்பி ஆகியவற்றிற்குத் தூரமாகவும் இருக்க வேண்டுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாயினுள் அடுப்பு மூட்டுவது கூடாது. பாலிதீன் உருகிச் சொட்டி எரியும், கரிப்புகையும் உறங்குவோரைக் கொல்லும்.

கடலோர மணலில் முளை நில்லாது. அங்கே காலிச் சாக்கில் பாதியளவு மணல் நிரப்பி, அதன் இடையில் கயிறு கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. கயிற்றுக்கும் பாயின் வளையத்துக்கும் இடையே, பழைய சைக்கிள் டியூபிலிருந்து அறுத்த ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி வைக்கவும். காற்று உதறும்பொழுது ரப்பர் நீண்டு சுருங்கும், வளையம் பிய்யாது. செலவில்லாத இவ்வுபாயம் பாயின் ஆயுளை வெகுவாக நீட்டும். நண்பகலில் உள்ளே புழுக்கம் தாங்காது. ஓரங்களைத் தூக்கிக் கட்டி, விழுந்து கிடக்கும் தென்னங்கீற்றுகளைப் பாயின்மேல் பரப்பினால் வெயில் தணியும். பாயும் நீடித்து உழைக்கும்.

கயிற்றில் நம் தென்னைநார்க் கயிற்றை அலட்சியம் செய்பவர் பலர். அது உப்புநீரைத் தாங்கும், முடிச்சு வழுக்காது, அறுந்தாலும் உள்ளூரிலேயே திரித்துக் கொள்ளலாம். ஆனால் பருமனும் சொரசொரப்பும் உள்ளதால் சுமப்பதற்கு இடைஞ்சல். நைலான் கயிறு வலியது, சிறிதளவிலேயே அடங்கும். எனினும் இழுத்தால் நீளும், முடிச்சு வழுக்கும். முகட்டுக்குச் சுண்டுவிரல் பருமனுள்ள கயிறு 10 மீட்டரும், ஓரங்களுக்குப் பென்சில் பருமனுள்ளது 30 மீட்டரும் ஒரு பாய்க்குப் போதும். அவிழ்க்கக்கூடிய சுருக்கு முடிச்சையே போட வேண்டும். காற்று திடீரென்று வலுத்தால் பாயை ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட்டுக் கட்டிடத்தை நோக்கி ஓட வேண்டியிருக்கலாம்.

பாய்க்குத் துணையாகும் மற்றச் சாமான்களையும் இதே முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்யாத பொருளை மூட்டையில் ஏற்ற வேண்டாம். ஆள் உயரத்திற்குச் சற்று மிஞ்சிய மூங்கில் கழிகள் இரண்டு குடும்பத்தோடு போகட்டும். நீர் மூடிய சாலையில் முன்னே குத்திப் பார்த்து நடக்கவும், கூரைக்குக் காலாகவும் அவை உதவும். அடிமுனை இரண்டையும் அறுத்த சாக்குகளில் கோத்தால் நோயாளியைச் சுமக்கும் தூக்குக் கட்டிலாகும். ஓடும் வெள்ளம் கணுக்காலுக்கு மேல் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடி ஆழத்தில் சிறு மோட்டார் வண்டிகள் மிதக்கத் தொடங்கும். கழி தரையைத் தொடுகிறதென்பதற்காக இறங்கிவிடலாகாது.

குடை இதில் சேராது. புயற்காற்றில் அது இரண்டு அடிக்குள் திரும்பிவிடும். ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். வயலில் மழைக்குச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போடுகிறோமே, அதேபோல் பாலிதீன் உறையை உள்ளே வைத்த சாக்கு நன்கு பயன்படும். கைப்பெட்டியும் டிரங்குப் பெட்டியும் வேண்டாம். சாக்கின் அடிமூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு கூழாங்கல்லை வைத்துக் கயிறு கட்டி, அதே கயிற்றால் வாயையும் சுருக்கினால் முதுகில் மாட்டும் பையாகும். குழந்தையைப் பிடிக்க இரண்டு கைகளும் ஒழிவாயிருக்கும். பழைய வேட்டி ஒன்று தூளியாகும், கட்டுத்துணியாகும், கலங்கல் நீரை வடிகட்டவும் ஆகும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், சங்கப் புத்தகம் ஆகியவற்றை இரட்டைப் பாலிதீன் உறையில் இட்டு, பையில் அன்று, பெரியவர் ஒருவரின் மடியில் கட்டி வைக்கவும். கைவிளக்கின் மின்கலங்களைக் கழற்றி வேறாக வைத்தால் விளக்கு அரிக்காது. அவல், வெல்லம், வறுத்த மாவு, பச்சைக் குழந்தையிருந்தால் அதற்கு வேண்டியவை, வீட்டிலுள்ளோர் நாள்தோறும் உண்ணும் மருந்து ஆகியவற்றை அவரவரே நினைவு கூர்வர். கட்டுத்தறியிலுள்ள மாடுகளை அவிழ்த்துவிட்டுப் புறப்படுவதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். அவசரத்தில் அதுவே மறந்துபோகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது வேண்டும். ஐந்து பேர் மூன்று நாளைக்கு 45 லிட்டரைச் சுமந்து நடப்பது இயலாத காரியம். இங்கேயும் பாயே உதவுகிறது. மேற்சொன்னவாறு கட்டிய பாயின்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 190 லிட்டர் நீர் இறங்குகிறது. ஓரமொன்றைத் தரையோடு அடிக்காமல் சிறிது உயர்த்தி வாய்க்கால்போல் மடித்து, தாழ்ந்த மூலையில் குடத்தை வைத்தால் போதும். முதலில் வரும் நீரைக் கீழே விட்டுவிட வேண்டும். பிடித்த நீரையும் கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது காய்ச்சியே பருகவேண்டும். வயிற்றுப்போக்குக் கண்டவருக்கு அந்நீர் 1 லிட்டரில் தலைதட்டிய தேக்கரண்டியளவு சர்க்கரை 6, உப்பு அரைக் கரண்டி கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவும்.

வாங்கிய பாய்களைச் சங்கம் எப்படிப் பராமரிப்பதென்பதில்தான் பெரும்பாலும் தகராறு எழும். பூட்டி வைத்தால் எலி தின்னும். வெளியே விட்டால் களத்து வெயிலில் நைந்துபோகும். இரண்டும் உண்மையே. இருபது பாய் வாங்கும் சங்கம் பதினான்கை நெல் உலர்த்த, போர் மூட வாடகைக்குக் கொடுக்கட்டும். ஆறைத் தொடாமல் வைக்கட்டும். அடுத்த வருஷம் வாடகை வருமானத்தில் புதியவை சில வாங்கி அவற்றைப் பூட்டிலும், பூட்டிலிருந்தவற்றை வாடகைக்கும் விடவேண்டும். நைந்தவை எருக்குழி மூடப் போகும். இவ்விதம் சுழன்றால் பெட்டியிலுள்ளது எப்பொழுதும் புதிதாயிருக்கும். ஊராருக்கும் பாயைக் கட்டும் பழக்கம் விடாது. புரட்டாசி முடிவதற்குள் வாடகைப் பாய்கள் அனைத்தும் திரும்பிவர வேண்டுமென்று பேரேட்டிலேயே நிபந்தனை எழுதிக் கையொப்பம் வாங்கவும். திரும்பியவற்றைக் கழுவி, நிழலில் முற்றும் உலர்த்தி, வளையங்களைச் சரிபார்த்து, சென்ற முறை மடித்த மடிப்பிலேயே மடியாமல் சுருட்டி, உத்தரத்தில் தொங்கும் மூங்கிலின்மேல் போட வேண்டும். உர மூட்டைகள் கிடக்கும் அறை ஆகாது. ஒவ்வொரு சுருட்டுக்குள்ளும் அதற்குரிய கயிறும் ரப்பர் வளையங்களும் அடங்கியிருக்கட்டும்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை, சங்கக் கட்டிடத்தின் முன்னால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பாய் வீதம் கொடுத்து, பெண்டிரும் சிறுவரும் சேர்ந்து அதைக் கட்டி இறக்கிப் பார்க்கலாம். அறையின் சாவி இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று காரியதரிசியிடமும், மற்றொன்று மேட்டுத் தெருவில் குடியிருக்கும் வேறோர் அங்கத்தினரிடமும் இருக்கட்டும். காரியதரிசியின் வீடே பள்ளத்தில் இருக்குமானால், வெள்ளம் வரும் நாளில் முதலில் புறப்பட வேண்டியவர் அவரன்றோ!